சுவரில் நாலு கோடு: பரவைக்கடல் ஓரத்து வீடா, செம்மண் காணியா?

பெரியம்மாவின் வீடு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில். பின்படலையைத் திறந்தால் நூறு யார் நடையில் ஆழமில்லாத பரவைக்கடல். முன்விறாந்தைச் சுவரில், சாமிப்படத்துக்குக் கீழே, கரித்துண்டால் கீறிய நாலு கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவவின் கையெழுத்தில் வருஷம். உச்சியில் 2008, நிசா புயல். தரையிலிருந்து 2 அடி 3 அங்குலம். அதற்குக் கீழே 2024 கார்த்திகை, ஃபெங்கல். 1 அடி 1 அங்குலம். 2020 புரெவிக்கு 7 அங்குலம். கடைசியாகக் கீறியது 2025, டித்வா. 5 அங்குலம்தான், செருப்பு மிதக்கிற அளவு.

அந்த வீட்டைத்தான் இப்போது விற்கப் போகிறா. வாங்க நினைப்பவன் லண்டனில் இருக்கும் என் மச்சான், மாமியின் மகன். நடுவில் நான். இரண்டு பக்கமும் சொந்தமென்றால் யாருக்கு நல்லவனாக இருப்பது என்ற சிக்கல் வேறு.

மச்சான் முதல் நாள் கேட்ட கேள்வி இது: “விலை பிறகு பாப்பம் மச்சான். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்? வெள்ளத்துக்கும் தருவாங்களோ?”

நான் வங்கியில் முப்பது வருஷம் இருந்தவன், அதில் பாதி வீட்டுக்கடன் மேசையில். காணி வாங்க வருபவர்கள் விலை கேட்பார்கள், காணி உறுதி சுத்தமோ என்று கேட்பார்கள், கிணற்றுத் தண்ணீர் நன்னீரோ, வாஸ்து சரியோ என்று கேட்பார்கள். காப்புறுதியைப் பற்றி வாய் திறந்தவர் எனக்கு நினைவில்லை. அது கடன் பத்திரங்களோடு நாங்களே நீட்டிக் கையெழுத்து வாங்கும் ஒரு தாள். வாசித்தவர்களும் குறைவு.

மச்சானுக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் வந்தது என்பதற்குக் கதை இருக்கிறது. அவன் இங்கிலாந்தில் ஒரு ஆற்றங்கரை வீட்டைப் பார்த்து, சட்டத்தரணிக்குக் காசும் கட்டி, கடைசியில் விட்டுவிட்டு வந்தவன். அங்கே 2016 ஏப்ரலில் ‘ஃப்ளட் ரீ’ என்றொரு ஏற்பாடு தொடங்கியது. வெள்ளம் வரக்கூடிய வீடுகளின் வெள்ளப் பங்கை மட்டும் காப்புறுதிக் கம்பனிகள் ஒரு பொது நிதிக்குள் தள்ளிவிடலாம். அதனால் வீட்டுக்காரரிடம் கேட்கும் பணம் தாங்கக்கூடியதாக இருக்கும். ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை. வெள்ளப் பள்ளத்தில் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஊக்கம் கொடுக்கக் கூடாது என்பது நியாயம். மச்சான் பார்த்தது புத்தம் புது வீடு. வந்த பிரீமியத்தைப் பார்த்துவிட்டு மனைவி வேண்டாமென்று விட்டா. பழைய வீடாக இருந்தாலும் அந்த ஏற்பாடு 2039இல் முடிகிறது. இன்று 25 வருஷக் கடன் எடுப்பவனுக்குப் பாதி வழியில் குடை மடங்கிவிடும்.

புளோரிடாவில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். அமெரிக்காவில் வெள்ளக் காப்புறுதியைப் பெரும்பாலும் கொடுப்பது 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம், அரசாங்கத்தினது. ஆபத்து வலயம் என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் வீடு இருந்து, அதை வங்கிக்கடனில் வாங்கினால், வெள்ளக் காப்புறுதி இல்லாமல் கடன் கிடைக்காது. நெடுங்காலம் வரைபட வலயத்தையும் உயரத்தையும் வைத்தே கட்டணம் போட்டார்கள். 2021 ஒக்ரோபரில் முறையை மாற்றினார்கள். இப்போது அந்த வீடு தண்ணீருக்கு எவ்வளவு கிட்ட, தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட என்ன செலவு என்று வீடு வீடாகப் பார்த்துக் கட்டணம் வருகிறது. பழைய காப்புறுதிப் பத்திரக்காரர்களுக்கு ஒரேயடியாக ஏற்ற முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 18 வீதம்தான் உச்சம். ஆனால் வருஷா வருஷம் 18 வீதம் ஏறினால் ஐந்தாவது வருஷம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அப்படி ஏறியும், கட்டடத்துக்குக் கிடைக்கும் உச்சத்தொகை 250,000 டொலர்தான்.

இதனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பக்கத்து ஊர் வீட்டைவிடக் கரைவீட்டுக்கு வருஷம் 4,000 டொலர் கூடக் கட்ட வேண்டும் என்று வைப்போம். கடன் வட்டி 7 வீதம். 4,000ஐ 0.07ஆல் பிரித்தால் ஏறத்தாழ 57,000. அந்த 4,000ஐ வட்டியாகக் கட்டினால் 57,000 டொலர் கடன் எடுத்திருக்கலாம். ஆகவே விவரம் தெரிந்தவன் வீட்டு விலையில் 57,000ஐ வெட்டித்தான் கேட்பான். பிரீமியம் ஏறும்போது பணம் போவது விற்பவரின் சட்டைப்பையிலிருந்து. அவர் அந்தப் பிரீமியத்தை ஒரு தடவைகூடக் கட்டாவிட்டாலும்.

விற்பவர்களுக்கு அங்கே ஒரு வழி உண்டு. தங்கள் பழைய வெள்ளக் காப்புறுதிப் பத்திரத்தை வாங்குபவரின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மெல்ல மெல்ல ஏறும் அந்தச் சலுகையும் கூடவே போகும். விளம்பரத்தில் அதைக் கடல் காட்சிக்குப் பக்கத்தில் போடலாம். 2024 ஒக்ரோபர் 1 முதல் புளோரிடாவில் வீடு விற்பவர் வெள்ளம் பற்றிய விவரத்தை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். பெரியம்மாவின் கரிக்கோடு மாதிரி, ஆனால் அச்சடித்த தாளில்.

இனி கொழும்புத்துறைக்கு வருவோம்.

இங்கே வீட்டுக்கென்று எடுப்பது அடிப்படையில் தீக் காப்புறுதி. அதன் மேல் புயல், வெள்ளம், சுனாமி என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளலாம். பெரியம்மா வீட்டைத் திரும்பக் கட்ட 1 கோடி 60 லட்சம் என்று வைத்து மூன்று இடத்தில் கேட்டேன். இரண்டு இடத்தில் வந்தது வரிகள் நீங்கலாக வருஷம் 24,000 ரூபாய்க்கு முன்பின். கொழும்புத்துறை என்று சொன்னேன், கடலிலிருந்து எத்தனை யார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் மட்டும் முன்னம் தண்ணீர் வந்ததோ என்று கேட்டார்கள். வந்தது என்றேன். அப்படியானால் வெள்ளத்தைத் தனியாக எடுத்து, ஆள் வந்து பார்த்த பிறகுதான் சொல்லலாம் என்றார்கள்.

மச்சானுக்கு முதல் இரண்டு பதிலும் சந்தோஷம். எனக்கு மூன்றாவது பதில்தான் முக்கியமாகப் பட்டது. 24,000 என்பது அந்த வீட்டைப் பார்த்துப் போட்ட விலை கிடையாது, நாடு முழுவதையும் ஒரு சாக்கில் போட்டு நிறுத்த விலை. மூன்றாவது இடத்தார் சாக்கைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளூர்க் கம்பனிகள் தங்கள் ஆபத்தில் ஒரு பகுதியை மறுகாப்புறுதியாக வெளியே கொடுக்கின்றன. அதில் 30 வீதம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போக வேண்டும் என்பது விதி, மிச்சம் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு. டித்வாவில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கூடிய அழிவு மலைநாட்டில், மண்சரிவில். கொழும்புத்துறையில் 5 அங்குலம். ஆனால் வெளிநாட்டில் கணக்குப் பார்ப்பவனுக்குக் கண்டியும் கொழும்புத்துறையும் ஒரே நாடு, ஒரே ஒப்பந்தம். அவன் விலையை ஏற்றினால் இங்கே இரண்டு வழிதான்: எல்லோருக்கும் கொஞ்சம் ஏற்றுவது, அல்லது கரையோரத்து வீடுகளைத் தனியாகப் பிரித்து நிறைய ஏற்றுவது. உலகம் போகிற போக்கு இரண்டாவது பக்கம்.

விலையை விட்டுவிட்டுப் பத்திரத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். வங்கி மேசையில் ஆட்கள் அழுததைக் கண்டது இந்த இடத்தில்தான்.

முதலாவது, காப்புறுதித் தொகை. 80 லட்சம் கடன் எடுப்பவருக்கு வங்கி 80 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் போதுமென்று நினைக்கும். அதன் கவலை அதன் கடன். வீட்டைத் திரும்பக் கட்டவோ 1 கோடி 60 லட்சம் வேண்டும். அதாவது பாதிக்குத்தான் காப்புறுதி. வெள்ளத்தில் 18 லட்சத்துக்குச் சேதம் என்றால் ‘சராசரி’ என்ற விதிப்படி அதிலும் பாதி, 9 லட்சம்தான் கணக்கில் வரும். இயற்கை அனர்த்தத்துக்கு ஒவ்வொரு இழப்பீட்டுக் கோரலிலும் ஒரு பங்கு நீங்களே ஏற்க வேண்டும். அதைப் பத்து வீதம் என்று வைத்தால் கைக்கு வருவது 8 லட்சத்து 10 ஆயிரம். 9 லட்சத்து 90 ஆயிரம் உங்கள் பாடு. 18 லட்சத்துக்கு 18 லட்சம் வருமென்று நம்பியவருக்கு இது இரண்டாவது வெள்ளம். காணியின் விலையை இதில் சேர்க்கக் கூடாது, கட்டடம் மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் காணியையும் சேர்த்துத் தொகையைக் கூட்டி வீணாகப் பிரீமியம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது, பூட்டிய வீடு. பல தீக் காப்புறுதிப் பத்திரங்களில், வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் முன்கூட்டி எழுதி வாங்காத வரைக்கும் காப்புறுதி நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கடல் பார்த்த வீடு வாங்குவது யார்? ஆடி மாதம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து, தேர், தீர்த்தம் முடிய விமானம் ஏறுபவர்கள். வீடு பத்து மாதம் பூட்டு. வெள்ளம் வருவதோ ஐப்பசி முதல் மார்கழி வரை. மச்சானிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் மறுமுனையில் சத்தமில்லை. “அப்ப நான் காசு கட்டுறது எனக்கில்லையோ?” என்றான். வாடகைக்கோ காவலுக்கோ ஒரு குடும்பத்தை வைத்து, அதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தால் தப்பலாம்.

மூன்றாவது, யாருடைய பெயர். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி பொதுவாக இங்கே காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை வேண்டும். மச்சானிடம் அது இருக்கிறது. இல்லாதவர்கள் அம்மாவின் பெயரில், தங்கையின் பெயரில் எழுதுகிறார்கள். அப்போது காப்புறுதியும் அவர்களின் பெயரில்தான் இருக்க வேண்டும். காசு யாருடையது என்று கம்பனி பார்ப்பதில்லை. உறுதியில் யார் பெயர் என்றுதான் பார்க்கும்.

மதில், கிணறு, படலை எல்லாம் தனியாகச் சொல்லி எழுதாவிட்டால் கணக்கில் வராமல் போகலாம். உப்பு ஊறி மெல்ல மெல்லச் சுண்ணாம்பு கொட்டுவது, கரை அரிப்பு ஆகியவை வழக்கமாகவே வெளியே. பெரியம்மா வீட்டின் உண்மையான வருத்தம் அந்த உப்புத்தான். 2008 கோட்டுக்குக் கீழே கையை வைத்தால் மாவாக ஒட்டும். அதற்கு எந்தப் பத்திரத்திலும் பதில் இல்லை.

அரசாங்கம் தராதோ என்றும் மச்சான் கேட்டான். 2016இல் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில், சேதமடைந்த வீட்டுக்கு உச்சம் 25 லட்சம் என்று வைத்தார்கள். கிராம சேவையாளர், பிரதேச செயலகம் என்று அலைந்து பெறும் நிவாரணம் அது. வீடு வாங்கும் முடிவை அதன் மேல் கட்டக் கூடாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு மச்சானுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது.

பெரியம்மா வீட்டை உள்ளபடி வாங்கி, முழுத்தொகைக்குக் காப்புறுதி எடுத்து இருப்பது ஒன்று. கேட்ட விலை, 4 பரப்புக் காணியோடு, 3 கோடி 20 லட்சம். இன்றைய பிரீமியம் 24,000. அது பத்து மடங்காகி 240,000 ஆனால்? கூடும் 216,000ஐ வட்டி 10 வீதம் என்று வைத்துப் பிரித்தால் 21 லட்சத்து 60 ஆயிரம். கேட்ட விலையில் ஏழு வீதத்துக்குக் கிட்ட. வலிக்கும், ஆனால் ஆளைக் கவிழ்க்காது. கவிழ்ப்பது வேறொன்று. விலை ஏறுவதற்குப் பதில், வெள்ளத்தை மட்டும் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டால், வங்கியும் கடனுக்கு யோசிக்கும். அன்றைக்கு அந்த வீட்டை வாங்கக்கூடியவர் முழுக்காசையும் கையில் வைத்திருப்பவர் மட்டும். பத்துப்பேர் வந்து பார்த்த இடத்தில் இரண்டு பேர்தான் வருவார்கள், அந்த இரண்டு பேருக்கும் அது தெரியும். நாளைக்கு விற்க வேண்டி வந்தால் மச்சானுக்கு அந்த நிலை.

உள்ளே இருந்து வீட்டை உயர்த்தலாமோ என்று பார்த்தோம். பழைய சுண்ணாம்புச் சுவர், ஆறரை அடிக் கதவு. தரையை 2 அடி உயர்த்தினால் நாலரை அடி வாசல். சாமியறைக்குள் போவதுபோல எல்லா அறைக்குள்ளும் குனிந்துதான் போகலாம்.

ஆகவே இரண்டாவது வழி: வளவை வாங்கி, ஒழுங்கைப் பக்கம் புதிதாகக் கட்டுவது. தரைமட்டம் 2008 கோட்டுக்கு மேலே ஒரு அடி. மண் நிரப்பி மேடாக்காமல் தூணில் நிறுத்துவது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குடாநாட்டில் அள்ள மண் இல்லை. வன்னியிலிருந்து டிப்பரில் கிரவல் வர வேண்டும். அதைக் கொட்டி வளவை உயர்த்துபவர் தன் தண்ணீரைப் பக்கத்து வளவுக்குத் தள்ளுகிறார். யாழ்ப்பாணத்தில் எல்லை மதிலுக்கு வழக்கு முடியவே இரண்டு தலைமுறை, தண்ணீருக்கு வழக்கு வைத்தால் பேரப்பிள்ளைகள்தான் தீர்ப்புக் கேட்பார்கள். தூணுக்குக் கீழே தண்ணீர் வந்து போகட்டும். உயர்த்துவதற்கு மட்டும் கொண்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீடு 22 லட்சம்.

21 லட்சத்து 60 ஆயிரமும் 22 லட்சமும் ஏறத்தாழ ஒரே தொகை. பிரீமியம் பத்து மடங்கானால் காப்புறுதிக்காரருக்குக் கொடுக்கப்போகும் காசும், அதைத் தேவையில்லாமல் ஆக்கும் அத்திவாரத்துக்கான காசும் ஒன்றுதான். அத்திவாரம் ஒருமுறைச் செலவு. 30 நாள் நிபந்தனை அதற்குக் கிடையாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும். உப்பையும் சுவருக்கு எட்டாமல் வைக்கும். புயலுக்கும் தீக்கும் காப்புறுதி எப்படியும் வேண்டும், அது சின்னத் தொகை. ஒரு இடைஞ்சல் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கடலோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். பெரியம்மாவின் வளவு அதற்குள். புதிதாகக் கட்ட கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், உள்ளூராட்சி அனுமதியும் வேண்டும். சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சொல்லிப் பிறகு தளர்த்தியதை நாங்கள் மறக்கவில்லை, விதி மாறக்கூடியது. அனுமதி கையில் வரும் வரை முழுக்காசையும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வழி கரையை விட்டுவிட்டு உரும்பிராய், கோண்டாவில் பக்கம் செம்மண்ணுக்குப் போவது. மழை விழுந்த கையோடு குடிக்கும் மண், கீழே சுண்ணாம்புக்கல். வாழையும் புகையிலையும் விளைந்த காணி. கிணற்றில் உப்பில்லை. ஆனால் ‘உள்ளுக்கு’ என்றாலே ‘உலர்வு’ என்று எண்ணுவது பிழை. பட்டினத்துக்குக் கிட்டப் பல இடம் வயலையும் குளத்து வால்பகுதியையும் நிரப்பி விற்றது. வெள்ளவாய்க்காலின் மேலே மதில் நிற்கிறது. ஆரியகுளத்தைத் துப்புரவாக்கி அழகாக்கினோம். அதற்கு வந்து சேர வேண்டிய வாய்க்கால்களை யார் பார்த்தது? 2024 கார்த்திகையில் கடலைக் கண்ணாலும் காணாத வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். கடற்கரையில் வந்த வெள்ளம் இரண்டு நாளில் வடிந்தது, அங்கே கிழமைக்கணக்கு. காணி பார்க்கப் போகிறவர்கள் சித்திரையில் போகாமல் மார்கழியில் போங்கள். தரகர் கூட்டிப்போக மாட்டார்; தனியே போங்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

வடமராட்சியின் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் நாலாவது வழியாக வந்தது. சுண்ணாம்புக்கல் மேட்டுக் கரை, கொழும்புத்துறை மாதிரிப் பள்ளமில்லை. ஆனால் அது திறந்த கடல். வாடைக்காற்று, உப்புத்தூவல், ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பி. மச்சானின் மனைவி ஊர் காரைநகர். அவவுக்கு வடமராட்சி வேண்டாம் என்பதற்குக் காற்றைத் தவிர வேறு காரணங்களும் இருந்தன. அதற்குள் நான் போகவில்லை.

பெரியம்மா பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவவுக்கு 74 வயது. மகள் ரொறன்ரோவில், வா வா என்று கூப்பிடுகிறா. வீட்டை வைத்திருக்கலாம், விலை இன்னும் ஏறும் என்று அயலில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணக் காணி விலை இறங்கியதாக யாரும் சரித்திரம் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் கரையோரத்தில் காத்திருப்பவர் இரண்டு விஷயத்தின் மேல் பந்தயம் கட்டுகிறார்: வெளிநாட்டுக் காசு தொடர்ந்து வரும், காப்புறுதிக்காரர் தொடர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார். வெளிநாட்டுக்காரரோ மச்சான் மாதிரி ஆகிவிட்டார்கள். கனடாவில் 2015 வரைக்கும் சாதாரண வீட்டுக்காரருக்கு ஆற்று வெள்ளக் காப்புறுதி என்ற ஒன்றே கடையில் இல்லை. இன்று ரொறன்ரோவில் நிலக்கீழ் அறையோடு வீடு வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பாடம் தெரியும். ஊருக்கு வந்து காணி பார்க்கும்போது அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

வாடகைக்கு விட்டு வைத்திருப்பது அவவுக்குச் சரிவராது. திருத்த வேலைக்குக் கூப்பிட மகள் இங்கே இல்லை. உயர்த்திக் கட்டி விற்பதென்றால் காசும் வேண்டும், மேசனோடு சண்டை பிடிக்க ஆளும் வேண்டும். நான் அவவுக்குச் சொன்னது: விற்கலாம், இப்போதே விற்கலாம். கேட்ட 3 கோடி 20 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இதற்கிடையில் ஒரு தரகர் வந்தார். சுவரைப் பார்த்தார். “அம்மா, உந்தக் கோடுகளுக்கு மேலை ஒரு பூச்சு அடிச்சுவிடுங்கோ. ரெண்டாயிரம் ரூபாய் வேலை. பாக்கிறவைக்கு மனம் கெடும்,” என்றார்.

பெரியம்மா அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னா: “அது என்ரை கையெழுத்துத் தம்பி. உறுதியிலை போடுற கையெழுத்தும் அதேதான்.”

மான அவமானத்தை விட்டுக் கணக்கைப் பார்த்தாலும் அவ சொன்னதுதான் சரி. காப்புறுதி முழு நம்பிக்கையில் நிற்கும் ஒப்பந்தம். விண்ணப்பத்தில் முன்னம் வெள்ளம் வந்ததோ என்று கேட்டிருந்து, வாங்கியவர் தெரிந்தும் இல்லையென்று எழுதினால், கோரல் வரும் நாளில் பத்திரம் வெறும் தாள். தெரியாமல் எழுதினால் சண்டை வீடு விற்றவரைத் தேடி வரும். கோடு சுவரில் இருந்தால் இரண்டு பேருக்கும் சாட்சி. அதோடு, நாலு கோடு என்பது விற்பவருக்கு முழுக்க நட்டமும் இல்லை. உச்சம் 2 அடி 3 அங்குலம் என்று அது சொல்கிறது. கோடு இல்லாத வீட்டில் வாங்குபவர் பயத்தில் நாலு அடி என்று வைத்துக்கொள்வார். நாலு அடிக்குத்தான் விலையைக் குறைப்பார். அத்திவாரத்தை எவ்வளவு உயர்த்துவது என்று கொண்ட்ராக்டர் கேட்டபோது மச்சான் லண்டனிலிருந்து பதில் சொன்னது அந்தக் கோட்டின் புகைப்படத்தை வைத்துத்தான்.

கடைசியில் இரண்டாவது வழிக்கு வந்தார்கள். மச்சான் 22 லட்சத்தைக் குறைக்கச் சொன்னான். பெரியம்மா பாதி என்றா. உயர்த்துகிற செலவு முழுக்க அவன் தலையில், அந்தக் கோடு இருக்கிற வீடு உங்களுடையது என்று நான் அவவுக்கே சொன்னேன். சொந்தப் பெரியம்மாவுக்கு எதிராகக் கதைத்த குற்றத்துக்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் 2 கோடி 98 லட்சத்துக்குச் சம்மதம். முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 11 லட்சத்து 91 ஆயிரம் வாங்குபவர் பக்கம். முற்பணம் கொடுத்தாயிற்று, மிச்சம் கரையோர அனுமதி வந்த பிறகு. அதுவரைக்கும் பெரியம்மா அங்கேயே இருக்கிறா, ஆள் இருக்கிற வீடு என்று பத்திரத்திலும் எழுதியிருக்கிறோம்.

புது வீடு எழும்பும்போது பழையதை இடிக்க வேண்டி வரும். போன கிழமை போனபோது ஒரு மேசன் முன்விறாந்தையில் குந்தியிருந்து, கோடுகளைச் சுற்றிச் சதுரமாக உளியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். காரை உதிராமல் அந்தத் துண்டை அப்படியே எடுக்க முடியுமோ என்று பார்க்கிறாராம். பெரியம்மா கதிரையைக் கிட்டப் போட்டுப் பக்கத்தில் இருந்து, “மெல்ல தம்பி, 2008 முதலிலை,” என்று சொல்லிக்கொண்டிருந்தா.